பழைய எண், புதிய எண்

எங்கள் பைத்தான் நூலகத்துக்கான ஆவணத் தளத்தின் புதிய வடிவம் ஒருவழியாக நேரலைக்கு வந்துவிட்டது. வாழ்த்துச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். "இப்போதான் பார்க்க நல்லா இருக்கு", "டார்க் மோடு வந்துருச்சே!" என்று. மகிழ்ச்சி. ஆனால் நிறத்தில் எனக்குப் பெரிய பங்கு எதுவும் இல்லை. ஸ்பிங்க்ஸ் என்பது ஆவணத் தளம் கட்டித் தரும் கருவி. அதற்கான ஆயத்தத் தோற்றமாக பைடேட்டா ஸ்பிங்க்ஸ் தீம் என்று ஒன்று இருக்கிறது. முதலில் தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் திட்டத்துக்காக எழுதப்பட்டது, இன்று நம்பை, சைபை போன்ற பைத்தான் நூலகங்கள் எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதை நிறுவி, லோகோவைச் செருகி, இரண்டு நிறங்களை மாற்ற ஒரு மாலை போதும். மாதக்கணக்கில் இழுத்தது வேறு வேலை. பழைய முகவரிகள் ஒன்றுகூடச் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது.

தெரியாதவர்களுக்காகத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். மழைமானிகளும் தானியங்கி வானிலைக் கருவிகளும் ஆளுக்கொரு வடிவத்தில் கோப்புகளைக் கக்கும். அவற்றைப் படித்து ஒரே மாதிரியான அட்டவணையாக்கித் தரும் சின்ன பைத்தான் நூலகம், அதாவது மற்றவர்கள் தங்கள் நிரலில் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, எங்களுடையது. நீரியல் படிக்கும் மாணவர்கள், ஆய்வாளர்கள், வீட்டு மொட்டைமாடியில் கருவி வைத்திருக்கும் மழைப் பைத்தியங்கள், இவர்கள்தான் பயனர்கள். முதன்மைப் பராமரிப்பாளர் நெதர்லாந்தில் இருக்கிறார். நிரலில் என் கை அதிகம் இல்லை. பகலில் யூபிஎஸ், இன்வர்ட்டர்களுக்குப் பயனர் கையேடு எழுதுவது என் பிழைப்பு, அதனால் ஆவணங்கள் என் தலையில் விழுந்தன. விருப்பத்தோடுதான் ஏற்றுக்கொண்டேன்.

மறுவடிவமைப்பு என்று பேச்சு எழுந்ததுமே எல்லாரும் முகப்புப் பக்கத்துக்குத்தான் ஓடினார்கள். நான்கு அட்டைகள் வைக்கலாமா, ஆறு வைக்கலாமா, ஒவ்வொன்றிலும் ஒரு படம் வேண்டுமா, மழைத்துளியா மேகமா. இந்த விவாதம் ஓடிய நீளத்துக்கு ஒரு குறுநாவல் எழுதியிருக்கலாம். அது ஓடட்டும் என்று விட்டுவிட்டு, தளத்துக்கு ஆட்கள் எந்தப் பக்கத்தின் வழியாக நுழைகிறார்கள் என்று பார்த்தேன். முகப்பு வழியாக வருபவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லாரும் தேடுபொறியிலிருந்தோ, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்திலிருந்தோ, யாரோ ஒரு பேராசிரியரின் ஆய்வகக் குறிப்பிலிருந்தோ நேராக உள்பக்கத்துக்குள் குதிக்கிறார்கள். வந்த கேள்விக்குப் பதில் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். மழைத்துளியா மேகமா என்பதை அவர்கள் பார்க்கப்போவதே இல்லை.

அதிலும் எல்லாவற்றுக்கும் மேலே நின்ற பக்கம் எது தெரியுமா? அலகுகள் பற்றியது. கவிழ்வாளி மழைமானி என்று சொல்வோம். ஒரு சின்ன வாளி நிறைந்ததும் கவிழும், கருவி அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். ஒரு கவிழ்வு எவ்வளவு மழை என்பது கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில் 0.2 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் செய்தவற்றில் 0.01 அங்குலம், அதாவது 0.254 மில்லிமீட்டர். கோப்பில் எது என்று எழுதியிருக்காவிட்டால் எங்கள் நூலகம் ஊகிக்காது. பிழைச் செய்தி கொடுத்து நின்றுவிடும். அந்தச் செய்தியின் கடைசி வரியில் "விவரத்துக்கு இந்தப் பக்கத்தைப் பாருங்கள்" என்று ஒரு முகவரி இருக்கும். ஆட்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கத்துக்கு வருவது அப்படித்தான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த முகவரி தளத்தில் இல்லை, நூலகத்தின் நிரலுக்குள் இருக்கிறது. வெளியிட்டு முடித்த பதிப்புகளை நாங்கள் திருத்த முடியாது. ஒரு பல்கலைக்கழகக் கணினியில் ஐந்து வருடம் முன்பு நிறுவியது இன்றும் அதே முகவரியைத்தான் அச்சிடும். அச்சுக்குப் போன கையேடுகளோடு மல்லுக்கட்டிப் பழகியவன் என்பதால் எனக்கு இது உடனே உறைத்தது. நெதர்லாந்துக்காரருக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "அவ்வளவு பழைய இணைப்பை இன்னும் யார் சொடுக்கப்போகிறார்கள்?" என்று கேட்டார். வருகைப் புள்ளிவிவரத்தைக் காட்டினேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

பாண்டாஸ் பயன்படுத்தியவர்களுக்கு இதே விஷயத்தின் பெரிய உதாரணம் நன்றாகத் தெரியும். பாண்டாஸ் 3-க்கு முந்தைய பதிப்புகளில் அட்டவணையின் ஒரு துண்டை எடுத்து அதில் மதிப்பை மாற்றப் போனால், "செட்டிங் வித் காப்பி" என்று ஒரு எச்சரிக்கை வந்து விழுமே, அதுதான். அதன் அடியில் ஆவணத்தின் முகவரி இருக்கும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் ஆவணத்தின் மேல்மட்டத்திலேயே இருந்தது. 2019-இல் பாண்டாஸ் தன் ஆவணங்களை ஒழுங்குபடுத்தியபோது பயனர் வழிகாட்டி என்ற கோப்புறைக்குள் போனது. பழைய பதிப்புகள் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தன. அவர்கள் என்ன செய்தார்கள் என்று நிரலைத் தோண்டிப் பார்த்தேன். ஆவணக் கோப்புறையில் ரீடைரக்ட்ஸ் டாட் சிஎஸ்வி என்று ஒரு கோப்பு. ஒரு வரிக்கு இரண்டே சொல்: பழைய பாதை, காற்புள்ளி, புதிய பாதை. தளத்தைக் கட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு குட்டி ஹெச்டிஎம்எல் பக்கம் பழைய இடத்தில் உண்டாகும். அதன் ஒரே வேலை, வந்தவரைப் புதிய இடத்துக்கு அனுப்புவது. இவ்வளவுதான். இதைவிடச் சுலபமான, இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. அப்படியே எடுத்துக்கொண்டோம்.

சென்னையில் வீட்டு வாசலில் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பார்களே, வழிமாற்று (ரீடைரக்ட்) என்பது அதுதான். எண்ணை மாற்றியவர்கள் எந்தக் காரணத்துக்காக மாற்றினார்களோ, தபால்காரருக்கு இரண்டும் தேவைப்படுகிறது. வலைத் தொழில்நுட்ப ஆவணங்களுக்குப் பேர்போன எம்டிஎன் தளம் 2020 டிசம்பரில் விக்கி வடிவத்தை விட்டுவிட்டு, நிரல்களைச் சேர்ந்து பராமரிக்கும் கிட்ஹப் தளத்துக்கு வந்தது. அந்தக் களஞ்சியத்திலும் இப்படி ஒரு வழிமாற்றுக் கோப்பு இருக்கிறது, ஆயிரக்கணக்கான வரிகளோடு. சும்மா திறந்து உருட்டிப் பாருங்கள். அந்தத் தளத்தில் எத்தனை முறை எது எங்கே நகர்ந்தது என்ற வரலாறே அதற்குள் கிடக்கிறது.

சரி, பக்கத்தை முழுதாக நகர்த்தினால் இது போதும். ஒரு பக்கத்தை உடைத்தால்?

எங்கள் பழைய தளத்தில் "கையேடு" என்று ஒரே ஒரு பூதப் பக்கம் இருந்தது. நிறுவுவது, கோப்பைப் படிப்பது, அலகுகள், விடுபட்ட மதிப்புகள், நேர மண்டலம், அடிக்கடி கேட்கும் கேள்விகள், எல்லாம் அதற்குள்ளேயே. அதைப் பிரிப்பதுதான் மறுவடிவமைப்பின் மையம். எப்படிப் பிரிப்பது என்பதில் புதிதாக யோசிக்க எதுவும் இல்லை. டானியேல் புரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் முறையில் நான்கு வகை: பயிற்சி, செய்முறை, பார்வைக் குறிப்பு (ரெஃபரன்ஸ்), விளக்கம். நம்பை 2020-இல் தன் ஆவணங்களைச் சீரமைக்கத் திட்டம் போட்டபோதும் இந்த நான்கைத்தான் அடிப்படையாக எடுத்தது. எங்களைப் போன்ற சின்னத் திட்டத்துக்கு நான்கும் அதிகம் என்பது என் எண்ணம். விளக்கம் என்ற பிரிவில் வைக்க எங்களிடம் இரண்டு பக்கம்கூடத் தேறவில்லை. செய்முறையோடு சேர்த்துவிட்டோம், யாரும் குறை சொல்லவில்லை.

உடைத்ததும் வந்தது சிக்கல். கையேடு டாட் ஹெச்டிஎம்எல் என்ற முகவரிக்குப் பின்னால் # போட்டு ஒரு பெயர் வருமே, அந்த ஆங்கர்தான் பூதப் பக்கத்துக்குள் எந்தப் பகுதி என்று சொல்வது. வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் இணைப்புகள் எல்லாம் அந்த # வாலோடுதான் இருக்கின்றன. ஆனால் உலாவி அந்த வாலைச் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. தன்னிடமே வைத்துக்கொள்ளும். சர்வர் பார்ப்பது வெறும் கையேடு டாட் ஹெச்டிஎம்எல் மட்டும். ஆக, வந்தவர் அலகுகளுக்கு வந்தாரா, நேர மண்டலத்துக்கு வந்தாரா என்று சர்வருக்குத் தெரியவே தெரியாது. எந்த வழிமாற்று விதியும் இங்கே உதவாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சர்வர் 301, அதாவது "நிரந்தரமாக இடம் மாறிவிட்டது" என்ற குறியீட்டைக் கொடுத்து ஒழுங்காக வழிமாற்றினால், புதிய முகவரியில் வேறு வால் இல்லாதபோது உலாவி பழைய வாலைத் தானே எடுத்துப் போய் ஒட்டிவிடும். ஆனால் எங்கள் தளம் இருக்கும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் நமக்கு வேண்டிய 301 விதியை எழுத வழியில்லை. பாண்டாஸ் முறையில் உலாவியை வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் ரெஃப்ரெஷ் குறியைப் பக்கத்துக்குள் வைத்து அனுப்பும்போது வால் அறுந்துபோகும். எனவே நகர்ந்த பக்கங்களுக்குக்கூட ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் தேவை, வாலைப் படித்துப் புதிய முகவரியோடு சேர்த்து அனுப்ப.

பூதப் பக்கத்துக்கு நாங்கள் செய்தது இது. பழைய முகவரியில் ஒரு மெல்லிய பக்கம் வைத்தோம். அதற்குள் எந்த ஆங்கருக்கு எந்தப் புதிய பக்கம் என்று ஒரு பட்டியல். ஜாவாஸ்கிரிப்ட் வாலைப் பார்த்து உரிய இடத்துக்குத் தள்ளிவிடும். வால் இல்லாமல் வந்தவருக்கும், ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவருக்கும், அதே பட்டியல் கண்ணுக்குத் தெரியும் சாதாரண இணைப்புகளாக நிற்கும். "இந்தக் கையேடு பிரிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் தேடிய பகுதி கீழே" என்று இரண்டு வரி. அலங்காரம் எதுவும் இல்லை. தளத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான் என்றால் சிரிப்பீர்கள்.

பூதப் பக்கத்துக்கும் ரசிகர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஒரே பக்கம் என்றால் கன்ட்ரோல் எஃப் அடித்தால் போதும். களப்பணிக்குப் போகும் ஒருவர், சிக்னல் இல்லாத மலையில் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துப் படிப்பேன், அதைப் பிடுங்காதீர்கள் என்று எழுதினார். நியாயம்தானே. ஸ்பிங்க்ஸில் எல்லாவற்றையும் ஒரே ஹெச்டிஎம்எல்லாகக் கட்டும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதையும் கட்டி, அடிக்குறிப்பில் இணைப்பு வைத்துவிட்டோம்.

ஆங்கர்களைப் பற்றிப் பேசும்போது தமிழ்ப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "தொடங்குவது எப்படி" என்ற பகுதியை மட்டும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறோம். ஸ்பிங்க்ஸுக்கு அடியில் இருக்கும் டாக்யூடில்ஸ்தான் தலைப்பிலிருந்து ஆங்கர் பெயரை உருவாக்குகிறது. அப்போது ஆங்கில எழுத்து, எண் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதறிவிடும். ஆங்கிலத் தலைப்பு என்றால் நல்ல பெயராக வரும். தமிழ்த் தலைப்பில் உதறிய பின் மிஞ்ச ஒன்றும் இல்லை. அதனால் ஐடி1, ஐடி2, ஐடி3 என்று வரிசை எண் கொடுத்துவிடும். பார்க்க அசிங்கம் என்பதோடு போனால் பரவாயில்லை. நடுவில் ஒரு புதிய பகுதியைச் செருகினால் அதற்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் நகரும். நேற்று ஐடி4 என்று யாரோ அனுப்பிய இணைப்பு இன்று வேறொரு பகுதியில் போய் நிற்கும், பிழை என்றுகூட யாருக்கும் தெரியாது. தமிழில் ஸ்பிங்க்ஸ் ஆவணம் எழுதுபவர்கள் ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே ஒரு லேபிளை ஆங்கில எழுத்தில் கையாலேயே எழுதிவிடுங்கள். தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் அது அசையாது. ஆங்கிலப் பக்கங்களுக்கும் இதையே வழக்கமாக்கிவிட்டோம், ஏனென்றால் அங்கேயும் யாராவது தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்தினால் ஆங்கர் மாறிவிடுகிறது.

இந்த லேபிள் வேலையைச் செய்துகொடுத்தவன் திருநெல்வேலியில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி. முதன்முதலில் திறமூலத் திட்டம் ஒன்றுக்குப் பங்களிக்க வந்தவன். ஒருநாள், "அண்ணா, பழைய பதிப்புக்கான விடுபட்ட மதிப்புப் பக்கத்தைத் தூக்கிடலாமா? இப்ப அப்படி வேலையே செய்யறதில்லையே" என்று கேட்டான். நல்ல கேள்வி. பழைய பதிப்பில், தரவு இல்லாத இடத்தில் கருவி எழுதும் -999 அப்படியே அட்டவணைக்குள் வரும், பயனர்தான் கழிக்கவேண்டும். புதிய பதிப்பில் அது தானாக வெற்றிடமாகிவிடும். பழைய முகவரியைப் புதிய பக்கத்துக்கு அனுப்பினால் பக்கம் திறக்கும், ஆனால் பழைய பதிப்பை வைத்திருப்பவர் அதைப் படித்து நம்பினால் -999 மில்லிமீட்டர் மழையைச் சராசரியில் சேர்த்துவிடுவார்.

பைத்தானே இந்த இடத்தில் நின்றிருக்கிறது. 2012-இல் எழுதப்பட்ட பெப் 430 (பெப் என்பது பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) அதைப் பற்றியதுதான். பைத்தான் ஆவணத் தளத்துக்கு வருபவருக்கு இனி பைத்தான் 3 ஆவணத்தைக் காட்டவேண்டும் என்று முடிவு. ஆனால் பதிப்பு எண் இல்லாமல் உள்பக்கங்களுக்குப் போகும் இணைப்புகள் உலகம் முழுக்க இருந்தன. அவற்றை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்தது பைத்தான் 2. எல்லாவற்றையும் 3-க்குத் திருப்பியிருந்தால் வேலை சுலபம். அந்தப் பெப் அப்படிச் சொல்லவில்லை. முகப்புக்கு வருபவருக்கு 3, பழைய உள்பக்க இணைப்பில் வருபவருக்கு அது குறித்த 2. இணைப்பு திறந்தால் மட்டும் போதாது, எழுதியவர் எதைக் காட்ட நினைத்தாரோ அது திறக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் தெளிவாக வந்தது. வலைப் பக்க இடைமுகங்கள் எழுத உதவும் ரியாக்ட் நூலகம் 2023 மார்ச்சில் புதிய ஆவணத் தளத்துக்கு மாறியபோதும் பழையதை அழிக்காமல் தனி முகவரியில் வைத்துவிட்டார்கள். பழைய கிளாஸ் முறையில் எழுதிய நிரல்களைப் பராமரித்துக்கொண்டு எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதுதான் ஆவணம்.

அதனால் அந்தப் பக்கத்தைத் தூக்கவில்லை. பழைய பதிப்பின் ஆவணத்துக்கு அனுப்பினோம். அங்கே மேலே ஒரு பட்டை: "இது பழைய பதிப்பு, புதியதில் நடத்தை வேறு" என்று, புதிய பக்கத்துக்கு இணைப்போடு. தேடுபொறிகள் பழையதை முன்னால் தள்ளாமல் இருக்க, இரண்டு பதிப்பிலும் இருக்கும் பக்கங்களுக்குக் கனானிகல் குறி (எது முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) புதியதைக் காட்டும். ஸ்பிங்க்ஸ் அமைப்பில் அடிப்படை முகவரியைக் கொடுத்தால் அதுவே எழுதிவிடுகிறது. விடுபட்ட மதிப்புப் பக்கத்துக்கு மட்டும் அந்தக் குறியை எடுத்துவிட்டோம். தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நாம எதையுமே அழிக்க முடியாதா அண்ணா?" என்றான். அழிக்கலாம், அழித்தோம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டு அழிக்கலாம் என்றேன்.

எதுவும் தவறவில்லை என்று எப்படி உறுதிசெய்வது? ஸ்பிங்க்ஸின் லிங்க்செக் நம் பக்கங்களிலிருந்து வெளியே போகும் இணைப்புகளைத்தான் சோதிக்கும். உள்ளே வருபவற்றைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. எங்களுக்கு உதவியது ஆப்ஜெக்ட்ஸ் டாட் இன்வ் என்ற கோப்பு. ஸ்பிங்க்ஸ் தளம் ஒவ்வொன்றிலும் இது இருக்கும், பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள். தளத்தில் உள்ள செயற்கூறுகள், லேபிள்கள் எல்லாவற்றின் பெயரும் முகவரியும் அதில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். மற்றத் திட்டங்கள் இன்டர்ஸ்பிங்க்ஸ் என்ற ஸ்பிங்க்ஸ் நீட்சி மூலம் நம் ஆவணத்தைச் சுட்டும்போது முகவரியை எழுதுவதில்லை, பெயரைத்தான் எழுதுகின்றன. அவர்கள் தளம் கட்டும்போது நம் இன்வ் கோப்பைப் பார்த்து முகவரியைத் தெரிந்துகொள்ளும். எனவே பெயர் மாறாமல் இருந்தால் அந்த இணைப்புகள் அவர்களின் அடுத்த கட்டுமானத்தில் தானாகச் சரியாகிவிடும். பழைய தளத்தின் இன்வ் கோப்பைப் பத்திரமாக எடுத்து வைத்து, புதியதைக் கட்டியதும் இரண்டையும் ஒப்பிட்டோம். பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன பெயர் ஒன்று இருந்தாலும் கட்டுமானம் தோற்கும். பழைய சைட்மேப்பில் (தளத்தின் முகவரிப் பட்டியலில்) இருந்த ஒவ்வொரு முகவரிக்கும் அதே விதி. பிழைச் செய்திகளில் இருக்கும் முகவரிகளுக்கு, இதுவரை வெளியான எல்லாப் பதிப்புகளின் நிரலையும் இறக்கி அலசி ஒரு பட்டியல் எடுத்தோம். அலுப்பான வேலைதான். ஆனால் ஒருமுறை செய்தால் போதும், இனி யாராவது மாற்றம் சேர்க்கக் கோரும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் தானே ஓடும்.

அடுத்தது பிழைச் செய்திகளில் இருக்கும் முகவரிகளையே மாற்றுவது. ரியாக்ட் இதைப் பல வருடமாகச் செய்கிறது: நீளமான பக்க முகவரிக்குப் பதில் பிழைக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு ஒரு சின்ன முகவரி. அந்த முகவரிகள் எந்த மறுவடிவமைப்பிலும் நகரக்கூடாது, அவற்றின் பின்னால் இருக்கும் பக்கம் வேண்டுமானால் நகரட்டும். எங்களில் எல்லாருக்கும் இதில் உடன்பாடு. எண் கொடுப்பதா, அலகு, நேரம் என்று சின்னப் பெயர் கொடுப்பதா என்பதில்தான் சண்டை. நான் பெயர் கட்சி. நெதர்லாந்துக்காரர் எண் கட்சி, தலைப்பு மாறினால் பெயரும் பொய்யாகிவிடும் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் களத்தில் நின்று பிழைச் செய்தியைப் போனில் இன்னொருவருக்கு வாசித்துச் சொல்பவரை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் முடிவு செய்யவேண்டும். இதற்கிடையில் உங்களிடம் இருக்கும் எங்கள் பழைய இணைப்பு எதுவும் "பக்கம் இல்லை" என்று 404 காட்டினால், அந்த முகவரியை # வாலோடு சேர்த்து அனுப்புங்கள்.